கூட நின்ற குதிரை

— குதிரையை விட்டு இறங்குங்க சித்தப்பா.

— என்ன சொன்ன? திரும்பச் சொல்லு, காதுல சரியா விழல.

— நல்லா விழுந்துச்சு. இறங்குங்க. தோருவை நான் இன்னொரு தடவை பரிசோதிக்கணும்.

— இந்த மேதர்பெக்கை மட்டும் சேணத்துல இருந்து இறங்கச் சொல்லிடாதேன்னு உங்கம்மா சொல்லி அனுப்பலையா? உங்க பெரிய குதிரை டாக்டர் சொல்லலையா?

— ரெண்டு பேருமே சொன்னாங்க. இறங்குங்க.

— அடியே கனிஷாய், எண்பது கிலோமீட்டர் வந்துட்டேன். இன்னும் நாப்பதுதான். அஞ்சு நிமிஷத்துல எனக்குக் கொடி விழும். அங்க பாரு, தலாஸ்காரன் கிளம்பிட்டான். புழுதி தெரியுதா? நம்ம நரின் ஊர்ல பாதிப்பேர் எல்லைக்கோட்டுல எனக்காக நிக்கறாங்க.

— நிக்கட்டும்.

— நீதானே துடிப்பை எண்ணின? அறுபது வந்துச்சா இல்லையா? அறுபத்திநாலுக்குக் கீழ இருந்தா போகலாம்னு சட்டம் போட்டது நானா, நீங்களா?

— வந்துச்சு. எப்படி வந்துச்சு? சித்தி இந்தச் சாம்பல் பெட்டைக்குதிரையைக் கொண்டுவந்து அவனை ஒட்டி நிறுத்தினதால வந்துச்சு. ஒரே லாயத்துல வளர்ந்ததுங்க. இது மூச்சு மேல பட்டா அவன் அடங்கிடுவான். சித்தி, இதை அந்த வண்டிக்குப் பின்னால கொண்டுபோங்க.

— பாத்மா, அசைஞ்சுதான் பாரு!

— நான் என்னடி பண்ணுவேன் கனிஷாய், உன் சித்தப்பா...

— போன வருஷம் குலா குதிரைக்கும் நீங்கதான் தண்ணி ஊத்தினீங்க சித்தி. கடைசி வட்டத்துல விழுந்தானே. சாகறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இவருக்குத் தெரியாது, இவர் கூடாரத்துக்குப் போயிட்டாரு. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க.

— ...வா கண்ணு. வா, நாம போலாம்.

— ஏய்! பாத்மா! உனக்கும் கொழுப்பாடி?

— கத்தாதீங்க, துடிப்பை எண்ணறேன். எழுபத்தாறு... எண்பத்திநாலு. கேக்குதா? அதைத் தேடிக் கனைக்கறான். வயித்துல ஸ்டெதஸ்கோப் குழாயை வெச்சா ஒரு சத்தமும் இல்ல. குடல் நின்னுபோச்சு.

— உன் ரப்பர் குழாய்க்கு என்ன தெரியும்? அவன் வேர்வையை நான் நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பே இல்ல, தண்ணி மாதிரி இருக்கு. எங்கப்பன் காலத்துல இருந்து அதுதான் அடையாளம். அப்படி வேர்க்கற குதிரை இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடும்.

— அது தண்ணிதான் சித்தப்பா. சித்தி வாளியில ஊத்தின தண்ணி. அவனுக்கு வேர்க்கறது நின்னு ஒரு மணி நேரமாச்சு.

— பொய்.

— குனிஞ்சு பாருங்க. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டிருக்கேன். கிள்ளினது கிள்ளினபடியே நிக்குது.

— நம்ம வம்சத்துலயே மொதல்ல காலேஜ் போன பொண்ணுன்னு ஆடு அறுத்தேன். புளிச்ச குதிரைப்பால் குமிஸ் ஊத்தி ஊருக்கே விருந்து வெச்சேன். இதுக்கா? அறுபது வயசுல, இத்தனை பேர் பாக்க, நேத்துப் பொறந்தவ சொல்லி இறங்கவா?

— ஆடு நல்லா இருந்துச்சு. இறங்குங்க.

— சரி, எழுதிக்கோ. நானும் பேசறேன். ஜோடிக் குதிரையைப் பக்கத்துல நிறுத்தினா துடிப்பு இறங்கும்னு இந்த வீட்டுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? போன வருஷம் லீவுல வந்து, குலா பக்கத்துல இதே பெட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? பெரிய டாக்டர்கிட்ட சொல்லட்டுமா? சாயங்காலத்துக்குள்ள உன் பட்டம், வேலை எல்லாம் காத்துல போயிடும். வழியை விடு.

— விட்டுட்டேன், போங்க. கொடிக்காரன் மறிப்பான்.

— அவன் யாருடி என்னை மறிக்க?

— வேர்வை நின்னதைப் பாத்ததுமே தோருவுக்கு ஓட்டம் முடிஞ்சதுன்னு எழுதி, அவனோட பரிசோதனை அட்டையை அப்பவே பெரிய டாக்டர் கையில குடுத்துட்டேன். நீங்க சேணத்துல ஏறுறதுக்கு முன்னாடியே.

— அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் என்கிட்ட நின்னு இறங்கு, இறங்குன்னு...

— நீங்களா இறங்கினதா ஊர் பாக்கட்டும்னுதான்.

— நில்லு. எங்க போற? கனிஷாய்! கழுத்துல கெடக்கற குழாயை எதுக்குக் கழட்டற?

— திருப்பிக் குடுக்க. அட்டையோட பின்பக்கத்துல குலா செத்த கதையும் எழுதியிருக்கேன். பெட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ பேரு மொதல் வரியிலயே இருக்கு.