காலி நடைக்குக் கூலி

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு தீவு தாண்டி இரும்பு ஏத்திக்கினு போய் எறக்கறேன். காலிக் கப்பல ஓட்டிக்கினு திரும்பி வரேனே, அதுக்கு யாரு கூலி குடுப்பா?"

மீன் கூடையோடு பக்கத்திலிருந்த அம்மா விசாரித்தார். "எந்தத் துறைமுகம்பா? என் மருமவனுக்கும் வேல கெடைக்குமா?"

"இது ஃபோன்ல ஆடற கேம், அக்கா. கப்பலு, இரும்பு எல்லாம் இதுக்குள்ளதான்."

"அட போப்பா. கடல்ல எறங்கி நாலு மீனு புடி."

ஃபோனில் நண்பரின் சிரிப்புச் சத்தம். "அக்கா சொல்றது கரெக்ட்டு மச்சான். கேம்ல நம்ம டீமுக்கு நான் லீடரு, ஏத்தற எடைக்குத்தான் கூலின்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். நான் மஸ்கட் வர்றதுக்கு முன்னாடி நம்ம போட்டு எத்தினி வாட்டி காலியா கரைக்கு வந்துச்சு? எவன்னா கூலி குடுத்தானா?"

"குடுக்கல. ஆனா போட்டுல நாலு பேரு இருந்தோம். பேசிக்கினே வந்தோம். இதுல ஒரு மணி நேரம் தனியா வரேன்டா."

"சரி, காலி நடைக்குப் பாதிக் கூலி போட்டுடறேன்" என்றார் ஃபோனில் இருந்தவர்.

"கூலி வேணாம். திரும்பி வர்ற வழியில நீயும் கூட வா."

"டூட்டி இருக்குது மச்சான்."

ஆட்டோ பாலத்தில் ஏறியது. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, பாதியே போடு" என்றார்.