பதிவேட்டில் பதினொரு காலி வரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் ஐயா அவர்களே, எங்கள் இயற்பியல் துறைத்தலைவர் அம்மா அவர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பா, அம்மா அவர்களே, கலங்கிய கண்களோடு கூடியிருக்கும் தோழர்களே, தோழிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அவளுடைய விடுதி அறைத்தோழி. மூன்றாண்டுகள் ஒரே அறை, ஒரே வகுப்பு, ஒரே அலாரம். அந்த அலாரத்தால்தான் அவளுக்கு ‘எட்டுமணி’ என்று பெயர் வைத்தோம். நம் மைதானத்து ஓரத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது; பக்கத்தில் ஒரு மழைமானி. தினமும் காலை எட்டு மணிக்கு அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது யார் வேலை? யார் வேலையும் இல்லை! முதலாண்டிலேயே வலியப்போய் அதைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவள் எங்கள் எட்டுமணி!

அவளைப் பெரிய மகான் ஆக்கிவிட வேண்டாம், அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். கணிதத் தேர்வில் ஒருமுறை கோட்டை விட்டவள். அவள் பாடத் தொடங்கினால் பக்கத்து அறைக் கதவுகள் படபடவென்று சாத்தப்படும். பூப்பந்தில் தோற்றால் மட்டையைத்தான் குறை சொல்வாள். ஆனால் பதிவேடு என்று வந்துவிட்டால்? அங்கே விளையாட்டே கிடையாது!

இரண்டாமாண்டில் அவள் வினாடி வினாப் போட்டிக்குப் போன மூன்று நாளும் நான் பார்த்துக்கொள்வதாக ஏற்றேன். இரண்டு நாள் ஒழுங்காகப் போனேன். மூன்றாம் நாள் போர்வைக்குள் படுத்தபடியே கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்து எழுதிவிட்டேன். ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது? வந்த அன்றே பிடித்துவிட்டாள்.

“ஏண்டி, இருபத்தேழு புள்ளி மூணா? நம்ம வெப்பமானில அரை அரையாத்தானே கோடு போட்டிருக்கு? மூணு எங்கேருந்துடி வந்துச்சு?”

என் எண்ணை அடித்துவிட்டு அங்கேயே எழுதினாள்: ‘பார்க்கவில்லை. தோழி தூங்கிவிட்டாள்.’ எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். ‘பார்க்கவில்லை. நான் தூங்கிவிட்டேன்’ என்று நான்கு இடத்தில் தன்னையும் காட்டிக்கொடுத்திருந்தாள்.

அந்த மூன்றாண்டுப் பதிவேட்டை வானிலை ஆய்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவள் ஆசை. அடுத்த மாதம் அனுப்பவிருந்த நேரத்தில் காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் காலை எட்டு மணி. வகுப்பில் பதினான்கு பேரும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஒன்பதாம் நாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எட்டு மணிக்கு எல்லாரும் இங்க வந்து நின்னா, அங்க யாருடி பாக்குறது?”

இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்! யாரும் போகவில்லை. மறுநாள் காலை அவள் போய்விட்டாள். நேற்று அவளை வழியனுப்பினோம். ஆக, அந்த இரண்டு நாளும் சேர்த்துப் பதினொரு வரிகள் காலி.

காலி வரிகள் இருந்தால் பதிவேட்டை ஏற்க மாட்டார்களே என்ற அச்சத்தில், நகரத்து வானிலை நிலையத்தின் எண்களைப் போட்டு நிரப்பிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்கள். துறைத்தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீதாம்மா அவ கூடவே இருந்தவ. நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?” என்றார்.

அம்மா, இந்தச் சபையிலேயே பதில் சொல்கிறேன். ஓர் எண்ணைக்கூட நிரப்ப வேண்டாம்! பதினொரு வரியிலும் உள்ளதை உள்ளபடி நானே எழுதிவிட்டேன்: ‘பார்க்கவில்லை. எல்லாரும் அவளுடன் இருந்தோம்.’ அப்படியே அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இன்னொரு மூன்றாண்டு எழுதுவோம். எங்களுக்குப் பின் எழுத இரண்டாமாண்டில் ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்று காலை நான் போனேன்: இருபத்தாறரை டிகிரி, மழை இல்லை.

எட்டுமணியே! அங்கே யார் பார்ப்பது என்று கேட்டாயே! இப்போது சொல்கிறோம், கேள். இனி எங்களில் யார் எந்தக் கட்டிலில் கிடந்தாலும், காலை எட்டு மணிக்கு ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார்!