காயாத பூச்சு

வெள்ளைப் பூவை வரைவதுதான் கஷ்டம், இன்ஸ்பெக்டர். நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயம் பூசுவது சோம்பேறி வேலை. தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் நிழலைப் பூசினால் பூ தானாக எழுந்து வரும். ஆனால் தொட்ட பூச்சை ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் எழுந்தால் கோடு விழும். அப்புறம் அந்தப் படம் குப்பைக்குத்தான்.

நாற்பத்தொரு வருஷமாகக் காட்டுப்பூ வரைகிறேன். ஒன்றைக்கூட விற்றதில்லை. ஈப்போவில் கிராணியாக, ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்த காலத்திலும் சனிக்கிழமையானால் தோட்டப் பக்கம் கிளம்பிவிடுவேன். என் கணவர் லூயிஸ் கார் ஓட்டுவார், நாற்காலி தூக்குவார். புல்லுப்பூவுக்கு இவ்வளவு பாடா என்று சிரிப்பார். சிரிக்கட்டுமே, எனக்கென்ன.

புறா ஆர்க்கிட் மரக்கிளையில் ஒட்டி வளரும் வெள்ளைப் பூ, பெருமழை கொட்டிய ஒன்பதாம் நாள் பூக்கும். காலையில் விரிந்து சாயங்காலம் வாடிவிடும். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பார் ஊரைத் தாண்டி, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பழைய தோட்டத்தில், ஆபீஸ் இருந்த இடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் அது கிளைக்குக் கிளை பூத்திருந்தது. உடனே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பூச்சைத் தொடங்கியிருந்தேன். பின்னாலிருந்து லூயிஸ், "அகதா, நெஞ்சு அடைக்குது. மாத்திரை கார்ல இருக்குலா, சாவியக் கொடு" என்றார்.

இறங்கியதும் அவர் கொடுத்த சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "கொஞ்சம் இருங்க, காயப் போவுது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

இரண்டாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை என் பெயரை மட்டும் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பூ மறுபடியும் பூக்கும்தானே என்று என் மகள் ஷார்மேன் கேட்கிறாள். பூக்கும். வருஷத்துக்கு நாலைந்து தடவை பூக்கும். ஆனால் அந்த நிழல் எனக்கு ஒரே ஒரு தடவைதான் கைக்கு வந்தது. படம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது? அதில் ஒரு கோடு காட்டுங்கள், பார்க்கலாம்.

அவர் கேட்ட பிறகும் நான் உட்கார்ந்திருந்ததாக நீங்கள் சொன்ன நாற்பது நிமிஷம் சரிதான். முதல் பூச்சுக்குப் பத்து நிமிஷம். அது காய்ந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. நடுவில் எழுந்திருக்கலாமே என்பீர்கள். எழுந்திருக்கலாம். நான்தான் எழவில்லை.

வரையும்போது தொந்தரவு செய்யாதீர்கள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.