கிரிவலத்துக்குப் போட்ட மாத்திரை

அரசு மருத்துவமனையில் பிரஷர் மாத்திரை வாங்கும் வரிசை. சீட்டோடு ஆதார் நகலும் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான், யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரு வேற எதுனா மாத்திரை போடுறாரான்னு டாக்டர் மாசாமாசம் கேட்டாருக்கா. நான் இல்லன்னுட்டேன்.”

“போட்டாரா?”

“பௌர்ணமிக்குக் கிரிவலம் நடக்க முட்டிவலி மாத்திரை. நடந்துட்டு வந்தும் நாலு நாளு போடுவாரு. அதையெல்லாம் மாத்திரைன்னு யாருக்கா நெனைச்சா? நான்தான் கடையில வாங்கித் தருவேன்.”

“இப்ப என்னவாம்?”

“கிட்னி கெட்டுப்போச்சாம். பிரஷர் மாத்திரையோட அது ஆவாதாம்.”

“அந்த மாத்திரையாலதான்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. இத்தினி வருசம் சுத்தியும் அண்ணாமலையாரு கைவிட்டுட்டாரேன்னு அழுவுறாரு. அவரில்ல, நான்தான்னு எப்படிக்கா சொல்றது?”