எங்கள் கடை ஏணி

அன்று காலை கடை வாசலில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, எதிர்வரிசைக் கடிகாரக் கடைக்காரர், புதுப் பலகை கொண்டுவந்த பெயின்டர். வேறு யாராவது பார்த்தேன் என்று வந்தால் நம்பாதீர்கள். அந்தத் தெருவில் இப்போது வேடிக்கை பார்க்கக்கூட ஆள் கிடையாது.

எங்களுடையது இரும்புச் சாமான் கடை. அப்பா தொடங்கியது. ஆணி, தாழ்ப்பாள், வாளி எல்லாம் உண்டு. ஆனால் பெயர் வாங்கியது ஏணிக்குத்தான். வாங்க வந்தவர் கண்முன்னே அப்பா ஏணியைச் சாத்தி, என்னையோ தம்பியையோ உச்சிவரை ஏற்றி, கீழிருந்து உலுக்கிக் காட்டுவார். பெற்ற பிள்ளையை ஏற்றாமல் ஓர் ஏணியும் விற்றதில்லை. தம்பிக்கு உயரம் என்றால் பயம். பாதி ஏறியதும் "அண்ணே?" என்பான். "இருக்கேன்டா" என்று நான் சொன்னால்தான் அடுத்த படியில் கால் வைப்பான். மீசை நரைத்த பிறகும் அப்படித்தான்.

புறவழிச் சாலையில் பெரிய அங்காடி வந்ததும் எங்கள் தெரு அழுகிப்போனது. மூடிய ஷட்டர்களின் அடியில் மூத்திர வாடை. துணிக்கடைக் கண்ணாடிக்குள் துணியில்லாமல் நிற்கும் பொம்மைகள். செருப்புக் கடைக்காரர், நல்ல குடும்பத்து மனிதர், போகிற வருகிறவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் யார் கையையும் பிடிக்கவில்லை. வாசலைக் கூட்டி, கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தம்பி அந்தக் கரடி உடுப்பை வாடகைக்கு எடுத்து வந்தான்.

"என்னடா இது?"

"கரடிண்ணே. இதப் பாத்துப் பிள்ளைங்க வரும். பின்னாலயே பெத்தவங்க வருவாங்க."

"ஆணி வாங்கவா?"

"ஆணியெல்லாம் யாருண்ணே இப்ப வாங்குறா? பொம்மை, டப்பா, எது போகுதோ அத வைப்போம். நீங்க மட்டும் மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க. அதுக்குத்தான் ஜனம் பயப்படுது."

அவன் வாசலில் நின்று இடுப்பை ஆட்டினான். எதிர்ப்பக்கத்திலிருந்து கடிகாரக்காரர், "ஐயா, தம்பி கரடின்னா அண்ணன் யாரு?" என்று கேட்டுச் சிரித்தார். ஆட்கள் வந்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. எனக்குக் குமட்டியதே அதனால்தான். மதியம் அவன் உடுப்பைக் கழற்றி அப்பா படத்துக்குக் கீழே மாட்டுவான். யார் யாருடைய வியர்வையோ ஊறிய நாற்றம் கல்லாவரை வரும். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிடுவேன்.

அதையும் பொறுத்தேன். பிறகு பலகை வந்தது. அப்பா பெயர் இருந்த இடத்தில் மாட்ட, 'கரடி பஜார்' என்று எழுதிய பலகை.

பழைய பலகையைக் கழற்றுவது தன் வேலை இல்லை என்றான் பெயின்டர். தம்பியே ஏறினான். கழுத்துக்குக் கீழே கரடி; தலையைக் கழற்றிக் கல்லாமேல் வைத்திருந்தான்.

"மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. மேல போனா இவருக்குத் தலை சுத்தும்" என்றாள் அவன் மனைவி.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். கடைசித் திருகு மட்டும் வரவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது. "அண்ணே?" என்றான். "இருக்கேன்டா" என்றேன். இரண்டு கையையும் விட்டான். எல்லோரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடம்பில் பஞ்சு இருந்தது. தலை வாசல்படியில் பட்டது. பலகை விழவில்லை, அந்த ஒற்றைத் திருகில் தொங்கியது. அப்பா கையால் முடுக்கிய திருகு.

"நீங்க பிடிச்சும் இப்படி ஆயிடுச்சே மாமா" என்று அவள் என் தோளில் விழுந்து அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். காரியங்கள் முடிந்ததும் பலகையை நானே நேராக்கி மாட்டினேன். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. உங்களுக்கும் இருந்திருக்காது. நானும் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் இன்று காலை கடை திறக்கப் போனபோது, ஷட்டரில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. நாங்கள் விற்ற ஏணி. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்றார் கடிகாரக்காரர். "சொந்தத் தம்பியவே தள்ளிவிட்ட ஏணி, நம்மள விடுமான்னு கேக்குறாரு. தெருவே அப்படித்தான் பேசுது."

எங்கள் வாசலில், எங்கள் சரக்கு, எவனோ துப்பிவிட்டுப் போன எச்சில் மாதிரி கிடந்தது. அதைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். "இருக்கேன்டா" என்று சொல்லிவிட்டு, ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முதல் இழுப்புக்கு அது அசையவே இல்லை. வாசல் நிலையில் ஒரு காலை ஊன்றி மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. அதையும் விடாமல் எழுதுங்கள்.

ஏணி வழுக்கிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் கடை ஏணி வழுக்காது.