கடைசி வயலின் முறை

கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு கமக்காரர்கள். ஒருவருக்கு வாய்க்காலின் முதல் வயல். மற்றவருக்கு, மிஞ்சிய தண்ணீர் மட்டும் வந்து சேரும் கடைசி வயல்.

“மலைநாட்டில ஒரு மலையைக் குடைஞ்சு, உள்ளுக்க கரண்ட் ஸ்டேசனை ஒளிச்சு வைக்கப் போகினமாம்,” என்றார் கடைசி வயல்காரர்.

“அதுக்குள்ள எப்பிடிக் கரண்ட் வரும்?”

“மேல ஒரு குளம், கீழ ஒரு குளம். தண்ணி விழேக்க கரண்ட் வரும். வெயில் கரண்ட் மிஞ்சேக்க அதே தண்ணியைத் திரும்ப மேல ஏத்துவினம்.”

“விசர்க் கதை!”

“எங்கட இரணைமடு வாய்க்கால்லயும் தண்ணி அப்பிடித் திரும்பி ஏறினால், முதல் பாய்ச்சல் என்ர வயலுக்குத்தான்.”

முதல் வயல்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் கொஞ்சம் விடுவியே?”

“ஓம் மச்சான், விடுவன். நீ எனக்கு விடுற அளவு.”