காயும்வரை சிரிக்கக்கூடாது

என் கையெழுத்து விளங்காவிட்டால் சொல்லுங்கள் ஐயா. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியதால் எழுத்துக் கொஞ்சம் பெரிதாகவே வரும். திடீர் மரண விசாரணை என்றால் நான் சொல்லச் சொல்ல யாராவது எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். "நீங்கள் ரீச்சர்தானே, நீங்களே எழுதித் தாங்கோ" என்று தாளை நீட்டினீர்கள். நல்லதாய்ப் போயிற்று. மற்றவர் எழுதினால் பிழை திருத்தாமல் எனக்கு இருக்கவராது.

முதலில் அந்தப் போத்தல். பொலிஸார் அதை ஏதோ நஞ்சு மாதிரிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். அது முகச் சுருக்கத்தை மறைக்கிற பூச்சு. போன வருடம் என் பிறந்தநாளுக்கு ரொறன்ரோவிலிருந்து மகள் நிலாந்தினி அனுப்பியது. ஊரில் இருந்துகொண்டு இதை நான் யாருக்குப் பூசிக் காட்டுவது என்று அலுமாரியில் வைத்திருந்தேன்.

அதில் இருப்பது அக்கிரிலேற்றுப் பல்பகுதியம். உயர்தர வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். சிறிய மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீளமான சங்கிலி அது. முகத்தில் தடவித் தண்ணீர் ஆவியானதும் சங்கிலிகள் நெருங்கிப் பின்னிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத படலமாகிவிடும். காயும்போது சுருங்கும், தோலையும் கூடவே இழுக்கும். குழி விழுந்த கன்னம் ஐந்தாறு மணி நேரத்துக்கு இறுகி மினுங்கும். அது தோலுக்குள் போவதில்லை, ஒன்றையும் மாற்றுவதுமில்லை. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். குறை ஒன்றுதான். காய்வதற்குள் சிரித்தாலோ கதைத்தாலோ வாயோரம் வெடித்து வெள்ளைப் பொருக்காக உரியும்.

இனி என் கணவர் தயாபரனின் விஷயம். நிலாந்தினியின் கலியாணத்துக்குச் சரியாகப் பத்தொன்பது நாள் இருக்கும்போது அவருடைய கண் மஞ்சளாயிற்று. அவளுக்கு முப்பத்தாறு வயது. முதல் தரம் கொரோனாவால் கலியாணம் நின்றது, இரண்டாம் தரம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து, அந்தத் துடக்கால் நின்றது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே புளியங்கூடலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி, கைத்தொலைபேசியில் பார்த்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. அவள் தகப்பனின் பிள்ளை. "அப்பாவுக்கு ஏதும் எண்டால் நான் மணவறையில இருந்தெண்டாலும் எழும்பி வந்திடுவன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நல்ல காரியம் முடியும்வரை கெட்ட செய்தி சொல்லாமல் இருப்பது இந்தத் தீவில் நான் கண்டுபிடித்த வழக்கமில்லை, ஐயா. எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு அரை மணிக்கு முன் அவரைக் கதிரையில் இருத்தினேன். யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஊதா நிறப் பூச்சை முதலில் போட்டேன், மஞ்சளை ஊதா அடக்கும். அதன்மேல் அவருடைய தோல் நிறத்தில் ஒரு பூச்சு. எல்லாவற்றுக்கும் மேல் படலம். கைகளுக்கும் அப்படியே. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் கூசுகிறது என்று மகளிடம் சொன்னேன். முகம் பார்க்கிற கண்ணாடியில் அவருக்குக் காட்டினேன். அவருக்கும் பிடித்திருந்தது.

"மாப்பிள்ளை நான்தானோ?" என்று கேட்டுச் சிரித்தார். வாயோரம் வெடித்துவிட்டது. திரும்பப் பூசவேண்டியதாயிற்று. காயும்வரை சிரிக்கக்கூடாது, கதைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்னால் கேட்பார். நாற்பது வருடமாக அப்படித்தான்.

பத்தாம் நாள் காய்ச்சல், உடம்பு குளிர்ந்து நடுங்குகிற குலைப்பனோடு வந்தது. "கேதீஸ், எனக்கு ஏலாமல் கிடக்கு. பெரியாசுப்பத்திரிக்குப் போவமே?" என்றார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் ஒம்பது நாள்தான்" என்றேன்.

அவர் பிறகு கேட்கவில்லை. அது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன். போர்த்திவிட்டேன், கால் பிடித்துவிட்டேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

மாக்கிறேற் சொன்னதையும் விசாரித்திருப்பீர்கள். கரம்பொன்னிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள். "ரீச்சர், அண்ணைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாய்க் கிடக்கு. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு எண்டாலும் கொண்டு போங்கோவன்" என்று வாசல் படலையில் நின்று கேட்டாள். "காட்டினனாங்கள் மாக்கிறேற், மருந்து எடுக்கிறார்" என்றேன். பாதி உண்மைதான். காட்டினோம்.

நீங்கள் கேட்காததையும் எழுதிவிடுகிறேன். கண் மஞ்சளான இரண்டாம் நாளே யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கான் எடுத்தோம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு நான் வாசித்துச் சொன்னது வெறும் செங்கமாரி, மஞ்சள் காமாலை என்று. அதில் எழுதியிருந்தது பித்தக் குழாயில் ஒரு கல் என்று. ஒன்பது மில்லிமீற்றர். அவர் வெளியே இருந்தபோது டொக்டர் எனக்கு விளக்கினார்: வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம், நாலு நாள் ஆசுப்பத்திரி வாட்டில் இருந்தால் போதும், இரண்டு நாளுக்குள் சேருங்கள், விட்டால் கிருமி இரத்தத்தில் ஏறும். "ஓம் டொக்டர்" என்றேன். அறிக்கையை அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தேன்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. வாட்டில் சேர்த்தால் அன்று பின்னேரமே யாராவது படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்புவார்கள். அவள் விமானம் ஏறிவிடுவாள். குழாய் விடும்போது ஏதும் நடந்தால் துடக்கு, ஒரு வருடம் போய்விடும். வீட்டில் இருந்தால் பத்தொன்பது நாள் தாக்குப்பிடிப்பார் என்று மதிப்பிட்டேன். என் மதிப்பீடு ஏறக்குறையச் சரி.

இன்னொன்று. இரண்டாவது ஞாயிறு நிலாந்தினி திரைக்குக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். "அம்மா, அப்பா ஏன் கதைக்கிறாரில்லை? நான் வேணுமெண்டால் எல்லாத்தையும் தள்ளி வைச்சிட்டு வரட்டோ?"

"விசர்க்கதை கதையாதை. அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்றேன்.

அவருடைய கறுப்புக் கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் வழிந்தது. படலத்தின்மேல் ஓடி இறங்கியது. ஓர் இடத்திலும் பூச்சு அசையவில்லை. "அழாதேங்கோ அப்பா, எனக்கும் சந்தோசம்தான்" என்றாள் அவள்.

கலியாணம் எங்கள் நேரப்படி மாலை ஏழு மணிக்கு. பட்டுவேட்டி கட்டி, இரண்டு பக்கமும் தலையணை வைத்து இருத்தினேன். மேளம் கேட்டபோது அவருடைய கையை நான்தான் பிடித்துத் தூக்கி அட்சதை போடவைத்தேன். கை பாரமாக இருந்தது. தாலி கட்டும்போது நான் திரையைத்தான் பார்த்தேன். எந்தத் தாயும் அதைத்தான் பார்ப்பாள். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கேட்டீர்கள். என்னால் சொல்ல முடியாது. முகம் மாறவில்லை. மாறாமல் இருக்கத்தானே பூசினேன்.

விடிய ஆறு மணிக்கு அவள் மாலையும் கழுத்துமாக மீண்டும் அழைப்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவரைக் கட்டிலில் கிடத்தி இன்னொருமுறை பூசினேன். உடம்பில் சூடு இல்லாததால் காயக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆனால் முதன்முறையாக ஒரு வெடிப்பும் விழவில்லை. "நித்திரை, எழுப்பாதை" என்று தூர நின்று காட்டினேன்.

"அப்பா இண்டைக்குத்தான் நல்ல வடிவாய் இருக்கிறார்" என்றாள்.

எட்டு மணிக்கு மீனோடு வந்த மாக்கிறேற் உள்ளே வந்து அவருடைய காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள். பொலிஸுக்கும் அவள்தான் சொன்னாள், ரொறன்ரோவுக்கும் அவள்தான் சொன்னாள். நாலாம் சடங்கு முடியட்டும் என்று நான் கெஞ்சிக் கேட்டேன். கேட்கவில்லை. அவளை மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, நோய் தெரியும், மருந்தும் தெரியும், மறைத்தது நான். எல்லாம் பிள்ளைக்காகத்தான். அதை அவள் விளங்கிக்கொள்வாள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். விசாரணை முடிந்ததும் அந்தப் போத்தலைத் திருப்பித் தந்துவிடுங்கள், பாதிக்கு மேல் இருக்கிறது. ஐந்து நாளாக, காலை, மத்தியானம், பின்னேரம் என்று மாறி மாறி அவளுக்கு அழைப்பு எடுக்கிறேன். நிலாந்தினி பதில் தரவில்லை. அங்கே இரவாக இருக்கும். அவள் எடுக்கும்போது என் முகம் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும்.